அடுத்தாள் வேலை: பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்பு, நீட் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே, ஜூன் மாதங்களில், காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர்ப் பக்கங்களிலிருந்து எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் சுமந்து வருகின்றன. நீட் தேர்வில் மகளுக்கோ மகனுக்கோ எம்பிபிஎஸ் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. பிஎஸ்சி பிசிஷியன் அசிஸ்டென்ட் என்று ஒரு படிப்பு இருக்கிறதாமே, அதில் சேர்க்கலாமா, சேர்த்தால் பின்னால் டாக்டராக வழி உண்டா என்று கேட்பார்கள். கேள்வியின் பின்பாதிக்கு என் பதில் எப்போதும் ஒன்றே: வழி இல்லை. முன்பாதிக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. தொலைபேசியில் அதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர்களின் பொறுமை தீர்ந்துவிடுவதால், இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் சென்னையில் இந்தப் படிப்பை முடித்து, இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். ஆகவே நான் சொல்வதில் இதயப் பிரிவின் வாடை கூடுதலாக அடிக்கும். எலும்பு மருத்துவத்திலோ சிறுநீரகப் பிரிவிலோ அவசரச் சிகிச்சையிலோ பணிபுரிபவரின் அன்றாடம் வேறாக இருக்கும் என்றாலும், பணியின் அடிப்படை எங்கும் ஒன்றுதான். ஒரு மருத்துவரின் மேற்பார்வையில், அவர் ஒப்படைக்கும் மருத்துவ வேலைகளை, அவருடைய பொறுப்பின் கீழ் செய்வதே பிசிஷியன் அசிஸ்டென்டின் பணி. மருத்துவமனை வட்டாரத்தில் சுருக்கமாகப் பி.ஏ. என்பார்கள். நோயாளியிடம் நோய் வரலாறு கேட்பது, உடலைப் பரிசோதிப்பது, சோதனை முடிவுகளைத் திரட்டி மருத்துவரிடம் முறையாக எடுத்துரைப்பது, அறுவை அரங்கில் உதவுவது, அறுவைக்குப் பிந்தைய நாட்களைக் கண்காணிப்பது, வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளிக்கும் குடும்பத்துக்கும் விளக்குவது ஆகியவை இதற்குள் அடங்கும். செவிலியர் பணி இதிலிருந்து வேறு. அவர்களுக்கென்று தனிக்கல்வியும் தனி மன்றமும் தனி அதிகார வரிசையும் உண்டு. ஒரு கருவியை மட்டும் இயக்கும் தொழில்நுட்பப் பணியும் இது இல்லை. பழைய தலைமுறையினர் சிலர், அந்தக்காலத்து டாக்டர் வீட்டுத் திண்ணையில் கலர் மிக்சரைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த கம்பவுண்டரை நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். மருந்து கலக்கும் அந்தப் பணி பின்னாளில் மருந்தாளுநர் என்னும் தனித்தொழிலாக வளர்ந்துவிட்டது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

செட்டிநாட்டில் இதை விளக்க என்னிடம் ஓர் எளிய வழி இருக்கிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போன குடும்பத்தாரிடம், மேலாளுக்கு அடுத்தாள் எப்படியோ அப்படி என்று சொன்னால் போதும். முதலாளி ஊரில் இருப்பார். கடல் கடந்த கடையை மேலாள் நடத்துவார். அவருக்குக் கீழே அடுத்தாள் இருந்து வரவு செலவு எழுதுவது, கடன் கேட்டு வருபவரின் நிலையை விசாரிப்பது, வசூலுக்குப் போவது, ஐந்தொகை எடுக்கத் துணைநிற்பது என்று கடையின் பாதி வேலையைத் தன் கையில் வைத்திருப்பார். ஆனால் யாருக்கு எவ்வளவு கடன் கொடுப்பது என்ற முடிவு மேலாளுடையது. அடுத்தாளின் திறமை எவ்வளவு வெளிப்பட்டது என்பது பெரும்பாலும் அவருக்கு வாய்த்த மேலாளைப் பொறுத்தே அமைந்தது. நம்பிக்கையுள்ள மேலாளிடம் இருந்தவர் முழுத் தொழிலையும் கற்றார். மற்றவர் கணக்குப் புத்தகத்துக்குக் கோடு போட்டுக்கொண்டே தன் பணித் தவணைக் காலத்தை முடித்துக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறினார். இதுவரை ஒப்புமை சரியாகப் பொருந்துகிறது. ஓரிடத்தில் மட்டும் அது முறிகிறது: அடுத்தாள் நாளடைவில் மேலாளாகலாம், சொந்தமாகக் கடை வைத்து முதலாளியும் ஆகலாம். பி.ஏ. எத்தனை ஆண்டு அனுபவம் பெற்றாலும் மருத்துவராக முடியாது. எம்பிபிஎஸ் வேண்டுமென்றால் நீட் எழுதி முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும். இப்படிப்புக்காக அதில் ஒரு பருவம்கூடக் கழித்துக்கொள்ளப்படுவதில்லை. இந்த ஒன்றைத் தெளிவாக அறிந்து சேர்ந்தவர்கள் நிறைவோடு பணிபுரிவதையும், அறியாமல் சேர்ந்தவர்கள் மூன்றாம் ஆண்டிலேயே மனம் கசந்து போவதையும் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

இத்தொழில் பிறந்த கதையும் மேற்பார்வையாளரின் நம்பிக்கையில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் கார்லண்ட் என்னும் சிற்றூரில் ஏமஸ் ஜான்சன் என்ற பொது மருத்துவர் இருந்தார். அவரிடம் ஹென்றி லீ ட்ரெட்வெல் என்ற உதவியாளர் பணிபுரிந்தார். கல்லூரியில் மருத்துவம் படிக்காத அவரை ஜான்சனே தம் பக்கத்தில் வைத்துப் பயிற்றுவித்தார். ஜான்சன் மருத்துவச் சங்க வேலைகளுக்காக வெளியூர் சென்ற நாட்களில் மருத்துவ நிலையத்தின் அன்றாடத்தை ட்ரெட்வெல் தாங்கிக்கொண்டார். இதை அறிந்திருந்தவர்களில் ஒருவர் டியூக் பல்கலைக்கழக மருத்துவத் துறைத் தலைவர் யூஜின் ஸ்டெட். முதலில் அவர் செவிலியர்களுக்கு உயர்நிலை மருத்துவப் பயிற்சி அளிக்க முயன்றார். அதற்குச் செவிலியர் கல்விக்கான தேசிய அமைப்பின் அங்கீகாரம் கிடைக்கவில்லை. அதன்பின் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்து பணி முடித்து வந்த நால்வரைக் கொண்டு 1965-இல் இரண்டாண்டுப் பயிற்சியைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரின்போது மருத்துவர்களை விரைவாக உருவாக்கக் கையாண்ட பாடமுறை அதற்கு முன்மாதிரியாக இருந்தது. அந்நால்வரில் மூவர் 1967 அக்டோபர் 6 அன்று பட்டம் பெற்றனர். இன்றும் அமெரிக்காவில் பி.ஏ. வாரம் அந்தத் தேதியில்தான் தொடங்குகிறது.

இந்தியாவுக்கு இப்படிப்பைக் கொண்டுவந்தவர் இதய அறுவை நிபுணர் கே. எம். செரியன். 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய பைபாஸ் அறுவையைச் செய்தவர் என்று பலரும் அவரை அறிவார்கள். 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் அவர் பி.ஏ. பயிற்சியைத் தொடங்கினார், 2025 ஜனவரியில் காலமானார். அமெரிக்காவில் மருத்துவர் குறைவாக இருந்த கிராமப்புறத்துக்காகப் பிறந்த தொழில், நம் நாட்டில் பெருநகரத்து இதய அறுவை அரங்கில் கால் ஊன்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே பி.ஏ. பணியிடங்கள் பெரும்பாலும் பெரிய தனியார் மருத்துவமனைகளிலேயே குவிந்திருப்பதற்கும், காரைக்குடி போன்ற ஊரில் பிறந்து இப்படிப்பை முடித்தவர் சென்னை, மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் என்று போக நேர்வதற்கும் இந்தத் தொடக்கம் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பணி எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சேர நினைப்பவர்களுக்கு இது பற்றித்தான் எவரும் சொல்வதில்லை. இதயத் தமனியின் அடைப்பைத் தாண்டி இரத்தம் ஓட, காலிலிருந்து எடுத்த சிரை போன்றவற்றை இதயத்தில் தைக்கும் பைபாஸ் அறுவைக்கு ஒருவர் சேர்க்கப்படுகிறார் என்று கொள்வோம். முந்தைய நாள் அவரிடம் முதலில் உட்கார்ந்து பேசுபவர் பி.ஏ. நெஞ்சுவலி எப்போது தொடங்கியது, நடந்தால் வருகிறதா, படுத்திருக்கும்போதும் வருகிறதா, சர்க்கரை எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, புகைப்பழக்கம் உண்டா, முன்பு பக்கவாதத்தின் சாயல் ஏதும் வந்ததா என்று கேட்டு எழுத வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் கடைசியாக எப்போது விழுங்கினார் என்று உறுதிசெய்ய வேண்டும். அவசரமில்லாத அறுவைக்கு அதை வழக்கமாக ஐந்து நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ‘நிறுத்திவிட்டேன்’ என்று நோயாளி சொல்வதையும் மாத்திரை அட்டையில் மீதமிருக்கும் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். பிறகு இரண்டு கால்களையும் பார்க்க வேண்டும். சுருள்சிரை இருக்கிறதா, முன்பு ஏதாவது அறுவை நடந்திருக்கிறதா, ஆறாத புண் உண்டா என்பதெல்லாம் மறுநாள் எந்தக் காலிலிருந்து சிரையை எடுப்பது என்பதைத் தீர்மானிக்கும்.

மறுநாள் அரங்கில், அறுவை நிபுணர் மார்பைத் திறந்து மார்புச் சுவரின் உட்புறத் தமனியைப் பிரித்தெடுக்கும் அதே நேரத்தில், பி.ஏ. நோயாளியின் காலில் வேலை செய்கிறார். கணுக்காலின் உட்பக்கத்திலிருந்து தொடை நோக்கி ஏறும் நீண்ட சிரையைக் காயப்படுத்தாமல் எடுப்பது, கிளைகள் ஒவ்வொன்றையும் கட்டுவது, மருந்து கலந்த நீரை மெல்லச் செலுத்திக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவை அவருடைய கையில் உள்ளன. நீரை வேகமாகச் செலுத்தினால் சிரையின் உட்படலம் பாழாகிவிடும். அப்படிப் பாழான சிரை இதயத்தில் தைக்கப்பட்டபின் நெடுநாள் திறந்திருக்காது. சிரைக்குள் ஒருவழி வால்வுகள் இருப்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைக்க வேண்டும். எந்த முனை எது என்று தவறாமல் அடையாளமிட்டுக் கொடுக்க வேண்டும். அறுவை நிபுணரின் பெயரில் நடக்கும் அந்த அறுவையின் ஒரு பகுதி, இன்னும் பத்தாண்டு கழித்து நோயாளியின் இதயத்தில் இரத்தம் ஓடுமா என்பதைத் தீர்மானிக்கும் பகுதி, இப்படிப் பி.ஏ.வின் கையில் நடந்து முடிந்துவிடுகிறது. இந்தப் பணியில் எனக்கு மிகப் பிடித்ததும் இதுவே.

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வேலை வேறு தாளத்தில் நடக்கும். மார்புக் குழாயில் மணிக்கு எவ்வளவு இரத்தம் வடிகிறது, சிறுநீர் எவ்வளவு, பொட்டாசியம் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வடிந்துகொண்டிருந்த இரத்தம் திடீரென்று நின்று, கூடவே இரத்த அழுத்தமும் இறங்கினால், புதிதாகச் சேர்ந்தவர் வடிதல் குறைந்துவிட்டது என்று மகிழக்கூடும். அனுபவமுள்ளவர், குழாய் அடைத்துக்கொண்டு இரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்குகிறதோ என்று ஐயுற்று அந்தக் கணமே மருத்துவரை அழைப்பார். அறுவைக்குப் பின் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது பலருக்கும் நேர்வதால், அந்த நாட்களில் இசிஜி மீது ஒரு கண் எப்போதும் இருக்க வேண்டும். இங்கே பி.ஏ.வின் மதிப்பு எதில் இருக்கிறது என்றால், எப்போது அழைக்க வேண்டும் என்று அறிந்திருப்பதில் இருக்கிறது. காரணமின்றி நள்ளிரவில் பத்துமுறை அழைப்பவரையும், அழைக்க வேண்டிய நேரத்தில் தயங்கி நிற்பவரையும் எந்த மருத்துவரும் நெடுநாள் உடன் வைத்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் எங்கள் பகுதி நோயாளிகளைப் பொறுத்தவரை தனிக்கதை. வளவும் முகப்பும் பட்டாலையுமாகப் பரந்த வீட்டில் ஆச்சி ஒருவர் மட்டும் தனியே இருப்பார். மகன் சிங்கப்பூரில், மகள் அமெரிக்காவில். சென்னையிலோ மதுரையிலோ வால்வு மாற்று அறுவை முடிந்து ஊர் திரும்பும் அவருக்கு, வார்ஃபரின் மாத்திரையைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். செயற்கை உலோக வால்வு பொருத்தியவர் வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த மாத்திரையை எடுக்க வேண்டும். ஐஎன்ஆர் என்னும் இரத்தச் சோதனையின் அளவு, இதயத்தின் இடப்பக்கத்தில் உள்ள மைட்ரல் வால்வை மாற்றியவருக்குப் பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும், கூடினால் உள்ளே கசியும். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேலையை எதிர்ப்பதால், கீரையே கூடாது என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள். வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிடும் வழக்கம் இருந்தால் அந்த இரண்டு நாளையும் மாற்றாமல் சாப்பிடுங்கள், ஒரேயடியாக விடவும் வேண்டாம், முருங்கைக்கீரை மலிவாக வந்தது என்று ஒரு வாரம் முழுவதும் ஆக்கவும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாக மாத்திரை வாங்கக் கூடாது, பல் பிடுங்குமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதையே அன்றிரவு மகனிடம் ஒரு முறையும், நேர வேறுபாட்டால் மறுநாள் விடியற்காலையில் மகளிடம் ஒரு முறையும் தொலைபேசியில் சொல்ல வேண்டியிருக்கும். இதற்கு மருத்துவருக்கு நேரம் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டும் என்று சொல்வது எளிது. காலையில் அரங்கு, மதியம் புறநோயாளிகள், மாலையில் வார்டு என்று ஓடும் அறுவை நிபுணரைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் பணியின் எல்லையும் சோதனைக்கு உள்ளாகிறது. ஐஎன்ஆர் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “மாத்திரையக் கொறைக்கவா கூட்டவா, நீங்களே எழுதிக் குடுத்துருங்க தம்பி” என்று ஆச்சி கேட்பார். எந்த அளவுக்கு எவ்வளவு மாற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னதைத்தான் நான் சொல்வேன். இந்தியாவில் பி.ஏ. தாமாக மருந்து எழுத முடியாது. தனியாக மருத்துவ நிலையம் நடத்தவும் பெயருக்கு முன் டாக்டர் என்று போட்டுக்கொள்ளவும் உரிமை கிடையாது. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி, பதிவு பெறாதவர் மருத்துவத் தொழில் செய்வது சிறைத்தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றம். ஊரில் ‘டாக்டர் தம்பி’ என்று அழைக்கத் தொடங்குவார்கள். முதல் முறையே மறுத்துவிடுவது நல்லது. ஓய்வு நேரத்தில் மாலை கிளினிக் நடத்திப் பார்க்கலாமே என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மேற்படி சட்டத்தைச் சொல்லிவிடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சட்டம் என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நெடுங்காலமாக இத்தொழிலுக்கு இந்தியாவில் அரசு சார்ந்த பதிவேடு எதுவும் இல்லை. மருத்துவமனை கொடுக்கும் அடையாள அட்டைதான் அடையாளம் என்ற நிலை இருந்தது. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்சார் ஆணையச் சட்டம், தன் அட்டவணையில் பிசிஷியன் அசோசியேட் என்னும் பெயரில் இத்தொழிலையும் சேர்த்துள்ளது. மாநில அளவில் மன்றங்கள் அமைப்பது, பதிவேடு வைப்பது, பாடத்திட்டத்தைச் சீர்படுத்துவது ஆகியவை இச்சட்டத்தின் நோக்கங்கள். இனிச் சேர்பவர்கள் தாம் சேரும் கல்லூரியின் பட்டம் அந்தப் பதிவுக்குத் தகுதி பெறுமா என்று எழுத்து மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மாலை நேரப் படிப்பு, அஞ்சல் வழிச் சான்றிதழ் என்று விளம்பரம் வந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழும் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் இப்படிப்பு இருக்கிறது. மூன்றாண்டு வகுப்புகளும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் என்பதே இங்கு வழங்கிவரும் முறை. துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கான அரசுக் கலந்தாய்வில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களைக் கொண்டு இடம் ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் படித்துக்கொள்ளுங்கள். உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல், மருந்தியல் எல்லாம் மருத்துவ மாணவர் படிப்பதன் சுருக்கமான வடிவமாகவே இருக்கும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதல் ஆறு மாதம் திணறுவார்கள், பிறகு சரியாகிவிடும். நோயாளியிடம் தமிழில் தெளிவாக விளக்கும் திறனில் அவர்கள்தான் பின்னால் முந்துகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

பட்டம் பெற்றபின் என்ன என்பதற்கு வருகிறேன். முதல் சில ஆண்டுகளின் சம்பளம் ஏமாற்றம் தரக்கூடியது. படிப்புக்காகக் கடன் வாங்கியவர்கள் அதை மனத்தில் கொண்டே கணக்குப் போட வேண்டும். பணியிடங்கள் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில் இருப்பதால் சம்பளத்தை நிர்ணயிப்பது அந்தந்த நிர்வாகமே. இதய அறுவை, எலும்பு அறுவை, நரம்பு அறுவை போன்ற கைத்திறன் தேவைப்படும் பிரிவுகளில் நல்ல கை என்று பெயர் எடுத்தவருக்குச் சம்பளம் ஏறுகிறது. அறுவை நிபுணர் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தம் பி.ஏ.வையும் அழைத்துச் செல்வது இத்துறையில் சாதாரணமாக நடப்பது. இதுவே பதவி உயர்வுக்கு ஈடாகவும் அமைந்துவிடுகிறது.

பதவிப் படிநிலை என்று பார்த்தால் முதுநிலை பி.ஏ., பிரிவின் தலைமைப் பி.ஏ. என்பதற்கு மேல் ஏற இடம் அதிகமில்லை. அதனால் பத்தாண்டு கடந்தவர்கள் பக்கவாட்டில் நகர்கிறார்கள். சிலர் முதுநிலைப் பட்டம் படித்துக் கற்பிக்கப் போகிறார்கள். சிலர் மருத்துவமனை நிர்வாகம் படிக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளை ஒருங்கிணைக்கும் வேலைக்கும், வால்வு, ஸ்டென்ட் போன்ற சாதனங்கள் செய்யும் நிறுவனங்களில் மருத்துவர்களுக்குப் பயன்முறை விளக்கும் வேலைக்கும் போகிறவர்கள் உண்டு. சாதன நிறுவன வேலையில் பணம் கூடுதல். நோயாளியோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும். எனக்கு அது ஒத்துவராது என்பதால் நான் போகவில்லை. போனவர்களைக் குறைசொல்ல மாட்டேன். வீட்டுக்கடன் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை.

வெளிநாட்டைப் பற்றிக் கேட்காத செட்டிநாட்டுக் குடும்பம் இல்லை. அமெரிக்காவில் உள்ள உறவினர், அங்கே மருத்துவ நிலையத்துக்குப் போனபோது பி.ஏ.தான் பார்த்து மருந்தும் எழுதித் தந்தார் என்று சொல்லியிருப்பார். உண்மைதான். அங்கே ஐம்பது மாநிலங்களிலும் பி.ஏ.வுக்கு மருந்து எழுதும் உரிமை உண்டு. இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு ஏறக்குறைய 27 மாதங்கள் நீளும் முதுநிலைப் படிப்பு, அதன்பின் தேசியத் தகுதித் தேர்வு, பிறகு மாநில உரிமம் என்று வழி வகுத்திருக்கிறார்கள். உரிமம் பெற்றபின்னும் தொடர்கல்வி மணிகளைக் காட்டிச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2023-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கில் இவர்களது இடைநிலை ஆண்டு ஊதியம் சுமார் 1,30,000 டாலர். இந்தத் தொகையைக் கேட்டவுடன் பெற்றோரின் குரல் மாறும். அதனால் அடுத்த வாக்கியத்தை நான் தாமதிக்காமல் சொல்லிவிடுவேன். அந்தத் தகுதித் தேர்வை எழுத அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற பி.ஏ. கல்லூரியில் படித்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பட்டத்தையும் அனுபவத்தையும் மட்டும் கொண்டு அதை எழுத முடியாது. அங்கே போய் மீண்டும் படிக்கலாம். அதற்கு ஆகும் செலவு, இங்கே தனியார் கல்லூரியில் எம்பிபிஎஸ் படிக்கும் செலவை நினைத்து அஞ்சியவர்களுக்கு மேலும் அச்சம் தரும்.

பிரிட்டனிலும் இத்தொழில் இருக்கிறது. இப்போது அங்கே நிலைமை கலங்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் மருத்துவர்களைப் பதிவுசெய்யும் அதே மன்றம் இவர்களையும் பதிவுசெய்யத் தொடங்கியது. இத்தொழிலைப் பற்றி அந்நாட்டு அரசு நடத்தச் சொல்லி 2025 ஜூலையில் வெளிவந்த லெங் ஆய்வறிக்கை, நோய் இன்னதென்று கண்டறியப்படாத நோயாளியைத் தெளிவான வரையறைக்குள் அல்லாமல் இவர்கள் முதலில் பார்க்கக் கூடாது என்றும், மருத்துவரிலிருந்து வேறுபட்டவர் என்று நோயாளிக்குத் தெரியும்படி உடையும் அடையாளமும் இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அங்குள்ள பி.ஏ.க்கள் பலருக்கு இது வருத்தம் தந்திருக்கிறது. நான் அந்தப் பரிந்துரைகளின் அடிப்படையோடு உடன்படுகிறேன். தமக்கு முன்னால் நிற்பவர் யார் என்று அறிந்துகொள்வது நோயாளியின் உரிமை. மேற்பார்வை என்பது சுவரில் மாட்டிய சான்றிதழாக இல்லாமல், அழைத்தால் வருகிற மனிதராக இருக்க வேண்டும். பெயருக்கு ஒரு மேற்பார்வையாளரை வைத்துக்கொண்டு வார்டை முழுவதும் பி.ஏ.க்களிடம் விட்டுவிடும் வழக்கம் எந்த நாட்டில் இருந்தாலும் ஆபத்துதான். அதில் முதலில் அடிபடுபவர் நோயாளி; அடுத்து அடிபடுபவர், சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லாத பி.ஏ.

ஆகவேதான், எந்தக் கல்லூரி, எவ்வளவு சம்பளம் என்று கேட்பவர்களிடம், எந்த மருத்துவரிடம் என்று கேளுங்கள் என்கிறேன். பி.ஏ.வின் வேலை வரம்பைப் பாடப்புத்தகம் தீர்மானிப்பதில்லை; அவருக்கு மேலே இருக்கும் மருத்துவர் எதைக் கற்றுக்கொடுக்கிறார், எதை நம்பி ஒப்படைக்கிறார் என்பதே தீர்மானிக்கிறது. நான் பணியில் சேர்ந்த தொடக்கத்தில் எனக்கு வாய்த்த அறுவை நிபுணர், சிரை எடுக்கும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு கிளையையும் கட்டச் சொல்லிப் பார்த்தவர். ஏன் இந்த நோயாளிக்கு இந்த மருந்து என்று வார்டில் நடந்துகொண்டே கேட்டு, தெரியாவிட்டால் அன்றிரவு படித்துவிட்டு வரச் சொன்னவர். என்னோடு படித்த இன்னொருவர் வேறொரு மருத்துவமனையில், சம்பளம் அதிகம் என்று சேர்ந்து, காப்பீட்டுத் திட்டத்துக்கான படிவங்களை நிரப்புவதும் ஆஞ்சியோகிராம் குறுந்தகடுகளை இணையத்தில் ஏற்றுவதுமாகவே நான்கைந்து ஆண்டுகளைக் கழித்தார். இருவருக்கும் பட்டம் ஒன்று, மதிப்பெண்ணில் அவர் என்னைவிட மேல். காப்பீட்டு வேலை தேவையில்லாதது என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்ய ஆளில்லாவிட்டால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி கிடைக்காமல் எத்தனையோ ஏழை நோயாளிக்கு அறுவை தள்ளிப்போயிருக்கும். ஆனால் அது மட்டுமே வேலையானால் படித்தது மறந்துபோகும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையில் தரும் வண்ணப் புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அனுமதி பெற்று அதன் மருத்துவமனை வார்டுக்குள் ஒரு நடை போய்வாருங்கள். படுக்கை எண்ணிக்கை எவ்வளவு, பயிற்சி ஆண்டில் எந்தெந்தப் பிரிவுகளுக்கு அனுப்புவார்கள், இறுதியாண்டு மாணவரை அறுவை அரங்கில் கைகழுவி உதவியாளராக நிற்க விடுவார்களா என்று கேளுங்கள். அதோடு, அங்குள்ள மூத்த செவிலியர் ஒருவரிடம், இங்கே பி.ஏ. என்ன வேலை செய்கிறார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இரவில் நோயாளிக்கு ஏதாவது என்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவோம், அவர் பார்த்துவிட்டு டாக்டரிடம் பேசுவார் என்று பதில் வந்தால் விண்ணப்பப் படிவம் வாங்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி அடிப்பார் என்று மட்டும் பதில் வந்தால், வேறு கல்லூரியைப் பாருங்கள்.